அறுபத்தோராவது தோல்வி

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சென்னையில் ஒரு கூடைப்பந்து அகாடமியில் கோச்சாக இருக்கிறான். காபி குடித்துக்கொண்டே கைபேசியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான். அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு இதுவரை கோச்சாக இருந்தவர்கள், ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி. "முதல் பேரைப் பாருங்க சார்" என்றான். ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஒன்பது பருவம், 55 வெற்றி, 60 தோல்வி. "அந்த யுனிவர்சிட்டி சரித்திரத்துலயே ஜெயிச்சதைவிட அதிகமாத் தோத்த ஒரே கோச் இவர்தான். கூடைப்பந்தைக் கண்டுபிடிச்சவரும் இவரேதான். எங்க பசங்ககிட்ட இதைச் சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க சார்." அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பஸ் ஏறிப் போய் வெகுநேரம் ஆன பிறகும் அந்த இரண்டு எண்களும் என்னை விட்டுப் போகவில்லை.

இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். சோனல் மேட்ச், மாவட்ட மேட்ச் என்று எத்தனையோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருடக் கடைசியில் பி.டி. மாஸ்டரை உட்கார வைத்துக் கேட்கும் முதல் கேள்வி, இந்த வருஷம் எத்தனை கப்பு என்பதுதான். கேட்பதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிள்ளைகள் ஜெயிக்கத்தான் ஆடுகிறார்கள். தோற்ற பிள்ளை வேனில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் எவனும் வெற்றி தோல்வி ஒன்றுதான் என்று சொல்ல மாட்டான். ஆகவே நெய்ஸ்மித்தின் 60 தோல்விகளையும் தோல்வி என்றே வைத்துக்கொள்கிறேன். அவரைக் காப்பாற்ற இதை எழுதவில்லை. ஆனால் அந்த மனிதரின் கணக்கை எழுத வேண்டுமானால், அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு தோல்வியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது என்றுதான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்களுக்கு நெய்ஸ்மித் தூரத்துப் பெயர் இல்லை. 1920-ல் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்தவர். நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் பழக்கூடையை மாட்டியது அதே கல்லூரியின் ஜிம்மில்தான். அங்கே படித்த என் தலைமுறை பி.டி. மாஸ்டர்களுக்கு அந்தப் பழக்கூடை குடும்பக் கதை மாதிரி. கூடையின் அடி மூடியிருந்ததும், ஒவ்வொரு கோலுக்கும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான் யாரும் சொல்லாதது.

மைதானத்தில் கேட்ட மன்னிப்பு

நெய்ஸ்மித் 1861-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அல்மான்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஒன்பது வயதாகும்போது டைஃபாய்டு காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தாய்மாமன் வளர்த்தார். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாம்களில் வேலை பார்த்து, பிறகு திரும்பி வந்து தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து முடித்து, மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்து அதே ஊரில் பாதிரியார் படிப்பு. அந்தக் காலத்தில் பாதிரியாராகப் போகிறவன் முரட்டுப் பந்தாட்டம் ஆடுவதைப் பெரியவர்கள் ரசிக்கவில்லை. இவர் விடாமல் ஆடினார்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவனுக்கு ஆத்திரம் தலைக்கேறிக் கெட்ட வார்த்தை கொட்டியிருக்கிறது. சட்டென்று இவரைத் திரும்பிப் பார்த்து, நீ இருப்பதை மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றிருக்கிறான். இவர் அவனை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சும்மா பக்கத்தில் நின்று ஆடியதோடு சரி. பிரசங்க மேடையில் ஏறாமலேயே ஒரு மனிதனை நல்வழிக்குக் கொண்டுவர முடியும் போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது அன்றைக்குத்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1890-ல் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனதன் வேர் இதில் இருக்கிறது. அவரைப் பற்றி நான் படித்ததில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான். பின்னால் அவர்மேல் எனக்கு வரும் வருத்தத்துக்கும் இதே சம்பவம்தான் அளவுகோல்.

ஸ்பிரிங்ஃபீல்டில் கூலிக் என்ற மேலதிகாரி இவரிடம் 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பைக் கொடுத்தார். வெளியே பனி. உள்ளே தினமும் அதே கசரத்து. ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பை மேய்க்க முடியாமல் கைவிட்டிருந்தார்கள். உள்ளரங்கில் ஆட ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடி, இரண்டு வாரம் தருகிறேன் என்றார் கூலிக். நெய்ஸ்மித் கால்பந்தையும் லக்ராஸையும் கொஞ்சம் மாற்றி உள்ளே ஆட விட்டுப் பார்த்தார். ஆட்கள் அடிபட்டதுதான் மிச்சம். அப்புறம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மற்ற பந்தாட்டங்களில் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனைத் தடுக்க வேண்டும், தடுக்க ஒரே வழி மேலே விழுவதுதான். அப்படியென்றால் பந்தோடு ஓடவே கூடாது. ஏன் அவ்வளவு வேகமாக எறிகிறார்கள்? கோல் நேர் எதிரே நிற்கிறது. அதைப் படுக்கவைத்து, தலைக்கு மேலே உயர்த்திவிட்டால் வேகத்துக்கு வேலை இல்லை. பந்து மெதுவாக வளைந்து ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். சின்ன வயதில் ஊரில் பாறைமேல் ஒரு கல்லை வைத்து இன்னொரு கல்லால் எறிந்து விழ வைக்கும் ஆட்டம் ஆடியது நினைவுக்கு வந்தது. அதிலும் ஓங்கி எறிகிறவனைவிட வளைத்து எறிகிறவன்தான் கெட்டிக்காரன்.

பழக்கூடையை மாட்டிய பால்கனியின் கீழ்க் கம்பி தற்செயலாகப் பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் ரிங்கின் உயரம் பத்தடிதான். அவர் எழுதிய 13 விதிகளில் ஐந்தாவதைத்தான் நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். தோளால் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, காலை விடக் கூடாது, அடிக்கக் கூடாது. முதல் தடவை செய்தால் ஃபவுல். இரண்டாம் தடவை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே. காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தது தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே, அவனுக்குப் பதில் ஆளும் கிடையாது. ஒரு ஆள் இன்னொரு ஆளை நோகடிக்காமல் முழு மூச்சோடு ஆட வேண்டும், அதற்கு என்ன வழி என்று யோசித்த மூளையில் பிறந்த விளையாட்டு இது. ஜெயிப்பது எப்படி என்பது அந்த மூளையில் இரண்டாவதாகக்கூட இருந்ததாக எனக்குப் படவில்லை.

கான்சஸ்

பிறகு டென்வருக்குப் போய் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1898-ல் டாக்டரானார். அதே வருடம் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. காலையில் சிற்றாலயத்தில் பிரார்த்தனை நடத்துவதும், மாணவர்களின் உடற்பயிற்சியைக் கவனிப்பதும்தான் அவர் போன வேலை. கூடைப்பந்து அணி அந்த வேலையின் ஓரத்தில் முளைத்தது. 1899 பிப்ரவரி 3 அன்று முதல் ஆட்டம். கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியிடம் 16-5 என்று தோற்றார்கள். தான் பெற்ற பிள்ளை முதன்முதலில் பல்கலைக்கழக உடுப்புப் போட்டு நின்ற நாளில் தோல்வி. அதில் அவர் வருந்தியதாகவே தெரியவில்லை. ஆட்டம் ஒழுங்காக நடந்ததா, பையன்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா, உடம்பு தேறுகிறதா என்பதே அவருக்கு முக்கியம். வாள்வீச்சும் சொல்லிக்கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் ஆலன் வருகிறார். ஃபாரஸ்ட் ஆலன், ஃபாக் ஆலன் என்று ஊரே கூப்பிடும். நெய்ஸ்மித்தின் அணியில் ஆடிய பையன். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று, பேக்கர் என்று பெயர், எங்களுக்குக் கோச்சாக வா என்று அவரைக் கூப்பிட்டது. நெய்ஸ்மித் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "கூடைப்பந்துக்கு எதுக்கப்பா கோச்? அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஆடத்தான் முடியும்" என்றாராம். ஏன் முடியாது, கோணம் பார்த்துப் பந்தைக் கொடுக்கவும் வளைந்து ஓடவும் சொல்லிக்கொடுக்கலாமே என்று ஆலன் பதில் சொன்னதாகக் கதை. இந்த உரையாடலை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்கிறார்கள். சாரம் ஒன்றுதான்.

யார் சொன்னது சரி என்று கேட்டால், தயங்காமல் ஆலன் பக்கம் நிற்பேன். சொல்லிக்கொடுக்க முடியும். லே-அப் போடப் போகிற பிள்ளைக்கு எந்தக் காலில் எம்ப வேண்டும், போர்டில் எந்த இடத்தில் பந்து பட வேண்டும் என்று காட்டினால் மூன்று வாரத்தில் வேறு பிள்ளையாகிவிடும். 1907-ல் நெய்ஸ்மித்திடமிருந்து அணியை வாங்கிக்கொண்ட ஆலன், நடுவில் பத்து வருடம் போக, 1956 வரை கான்சஸில் 39 பருவம் கோச்சாக இருந்தார். 590 வெற்றி, 219 தோல்வி. அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியில் 876 ஆட்டம் ஜெயித்தார். டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கோச் என்ற தொழிலையே உண்டாக்கியவர் ஆலன் என்று சொல்வது மிகையில்லை. தன் விளையாட்டுக்குள் எவ்வளவு நுட்பம் ஒளிந்திருக்கிறது என்று அதைக் கண்டுபிடித்தவருக்கே தெரியவில்லை. தான் நட்ட மரத்தின் உயரத்தை நட்டவரே குறைத்து மதிப்பிட்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டைம்-அவுட் எடுத்தாலும் கோச் ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது என்ற விதி 1940களின் கடைசிவரை இருந்தது. விசில் ஊதிவிட்டால் ஆட்டம் பையன்களுடையது, பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இன்று கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தும் எங்களைப் பார்த்தால், நெய்ஸ்மித் கத்துகிற எங்களை விட்டுவிட்டு ஆடுகிற பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

1933, ஒரு கதவு

அணியை ஆலனிடம் கொடுத்த பிறகும் நெய்ஸ்மித் அங்கேயே உடற்கல்விப் பேராசிரியராக இருந்தார். கான்சஸில் மொத்தம் 39 வருடம். அதில் பட்டியல்காரர்கள் எண்ணுவது முதல் ஒன்பதை மட்டும். நான் சொல்ல வந்த நாள் 1933-ல் வருகிறது. அப்போது அவர் எழுபதைத் தாண்டியவர்.

ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞன், கான்சஸ் மாநிலத்தின் ஹயவாதா என்ற ஊரில் பிறந்தவன், உடற்கல்வி படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தான். கோச்சாக வேண்டும் என்பது அவன் ஆசை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே அங்கே இருக்கிறார், அவரைப் போய்ப் பார், நீங்கள்தான் என் ஆலோசகர் என்று சொல் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பையன் போய்க் கதவைத் தட்டி அப்படியே சொன்னான். யார் சொன்னது என்று கேட்டார் நெய்ஸ்மித். என் அப்பா என்றான். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், உள்ளே வா என்றார் கிழவர். மெக்லெண்டன் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதை இது.

அந்தக் கதவு திறந்தது. அதே பல்கலைக்கழகத்தில் மற்ற கதவுகள் திறக்கவில்லை. கூடைப்பந்து அணியில் கறுப்பின மாணவர்கள் ஆட முடியாது. அணி ஆலனுடையது, வழக்கம் எல்லோருடையதும். உடற்கல்விப் படிப்புக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மெக்லெண்டன் நீச்சல் குளத்தில் இறங்கிய பிறகு அந்தக் குளத்துத் தண்ணீரை முழுக்க வெளியேற்றினார்கள். ஒரு பிள்ளை இறங்கியதற்காக. இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அந்தப் பிள்ளை பின்வாங்கவில்லை. குளத்துக்காகவும் போராடினான், 1936-ல் பட்டமும் வாங்கினான். அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவன் அவன்தான். நெய்ஸ்மித் அவனுக்குப் பக்கத்தில் நின்றார், சொல்லிக்கொடுத்தார், படிக்கும்போதே லாரன்ஸில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி அணி ஒன்றைப் பயிற்றுவிக்கும் அனுபவமும் மெக்லெண்டனுக்குக் கிடைத்தது. முழு மைதானத்தையும் பயன்படுத்தி, எதிரி மூச்சு விடுமுன் பாயும் தன் ஆட்ட முறைக்கு வித்து நெய்ஸ்மித்தோடு பேசியதில்தான் விழுந்தது என்று மெக்லெண்டன் பின்னாளில் சொன்னார். கூடைப்பந்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்றவர், முப்பது வருடம் கழித்து அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதே 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டாகச் சேர்ந்தது. அமெரிக்கக் கோச்சுகள் பணம் திரட்டி நெய்ஸ்மித்தை அனுப்பிவைத்தார்கள். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் தரையில், கொட்டும் மழையில். அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாட்டுக்கும் குடியேறிய நாட்டுக்கும் தன் கையாலேயே பதக்கம் கொடுத்தார். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இந்தப் படத்தோடுதான். எனக்கு நிற்பது லாரன்ஸ் நகரத்து அந்தக் கதவு.

இப்போது அந்தத் தோல்வியைச் சொல்கிறேன். மெக்லெண்டன் கடைசிவரை கான்சஸ் பல்கலைக்கழக அணியில் ஆடவில்லை. நெய்ஸ்மித்தின் 13 விதிகளில் யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. ஒருவன் உடம்பு நோகக் கூடாது என்று அவ்வளவு யோசித்து எழுதியவர் அவர். பக்கத்தில் நின்றாலே ஒருவன் வாயில் கெட்ட வார்த்தை அடங்கிப்போகும் அளவுக்கு மதிப்புள்ள மனிதர். அவர் பெற்ற விளையாட்டு, அவர் கட்டிய அணி, அவர் வளர்த்த ஆலன். அங்கே அவருடைய மாணவன் ஓரத்தில் நின்று பார்த்தான். இது நெய்ஸ்மித்தின் அறுபத்தோராவது தோல்வி. முந்தைய அறுபதும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. காலம் அப்படி, அவர் ஒருவர் என்ன செய்வார் என்று சொல்லலாம். என் நண்பர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கத் தயாராக இல்லை. ஏன் தயாராக இல்லை என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் நெய்ஸ்மித்துக்கு நியாயம் செய்தவன் ஆக மாட்டேன்.

கண்ணாடி அலமாரியில் இருக்கும் கப்பு

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருடம். பெண்கள் அணி நன்றாக வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பிள்ளை, பெயரை எழுத மாட்டேன், இடதுகைக்காரி. எங்கள் கோர்ட்டில் ரிங்குக்கு வலை கிடையாது. பந்து உள்ளே போனால் சத்தமே வராது, போர்டில் பட்டதா, ரிங்கில் பட்டதா, சுத்தமாக விழுந்ததா என்று தூரத்திலிருந்து சொல்வது கஷ்டம். அவள் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவாள். விழுமா என்று பார்க்க மாட்டாள். விழுந்திருக்கும். தேய்ந்து வழவழத்துப்போன பந்தை வைத்துக்கொண்டு அப்படி ஆடிய பிள்ளையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. காலனியிலிருந்து நடந்து வருவாள்.

மாவட்ட மேட்ச்சுக்கு வெளியூர் போய் இரண்டு ராத்திரி தங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒரே ஹாலில் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். "அந்தப் பிள்ளை வந்தா எங்க பிள்ளைகளை அனுப்புறது கஷ்டம் மாஸ்டர். நீங்க படிச்சவங்க, பாத்துச் செய்யுங்க." மேலே இருந்தவர்களிடம் போனேன். அணி போக வேண்டும், எப்படியாவது சமாளியுங்கள் என்றார்கள். அன்று ராத்திரி பெயர்ப் பட்டியலைத் திரும்ப எழுதினேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றேன். ஏன் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். "சரி சார்" என்றாள். அதன் பிறகு அவள் கோர்ட் பக்கம் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

அந்த வருடம் நாங்கள் மாவட்டக் கப்பு ஜெயித்தோம். பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. என் பெயருக்கு நேரே யாராவது பட்டியல் போட்டால் அது வெற்றி என்ற கட்டத்தில்தான் விழும்.

காலம் அப்படி என்ற வார்த்தையை நானே எனக்குப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அது நெய்ஸ்மித்துக்காகச் சொல்லப்படும்போது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு பெரிய தூரம் இருக்கிறது. அவரால் அணியின் கதவைத் திறக்க முடியவில்லை, அல்லது அவர் திறக்கவில்லை. தன் அறைக் கதவைத் திறந்தார். மூன்று வருடம் அந்தப் பையனை எதிரே உட்கார வைத்துத் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொடுத்தார். நான் அதையும் செய்யவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கோர்ட் காலியாகத்தான் கிடந்தது. வாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

டர்ஹம், ஞாயிற்றுக்கிழமை காலை

நெய்ஸ்மித் 1939 நவம்பரில் லாரன்ஸிலேயே இறந்துபோனார். மெக்லெண்டன் அதற்குள் வட கரோலினாவின் டர்ஹம் நகரத்தில், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் வேலையில் இருந்தார். அதே ஊரில் வெள்ளை மாணவர்களின் டியூக் பல்கலைக்கழகம். அதன் மருத்துவக் கல்லூரியில் போர்க்காலத்தில் படிக்க வந்தவர்களில் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள், பலமான அணி. இரண்டு அணிகளும் மோதினால் என்ன ஆகும் என்ற பேச்சு எப்படியோ கிளம்பிவிட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்காரக் கூடாத ஊர் அது.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. ஊரும் போலீஸும் சர்ச்சில் இருக்கும் நேரமாகப் பார்த்து வைத்தார்கள். டியூக் பையன்கள் சுற்று வழியில் கார்களில் வந்து இறங்கினார்கள். ஜிம்முக்குள் போனதும் கதவைப் பூட்டினார்கள். பார்வையாளர் கிடையாது. ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் கை நடுக்கம், பந்து கைநழுவிப் போனது. பிறகு மெக்லெண்டனின் பையன்கள் ஓடத் தொடங்கினார்கள். முழுக் கோர்ட்டும் ஓட்டம். 88-44. சரியாக இரண்டு மடங்கு.

வெற்றியைவிட அதற்கடுத்து நடந்ததை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். இந்த முறை ஆட்களைக் கலந்து பிரித்துக்கொண்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பக்கம், ஒரு அணி சட்டையோடு, ஒரு அணி சட்டை இல்லாமல். வேர்வையும் வேர்வையும் உரச, ஐந்தாம் விதிப்படி யாரும் யாரையும் தள்ளாமல். ஆட்டம் முடிந்து விடுதிக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளம்பினார்கள். அரை நூற்றாண்டு அந்த ஆட்டம் வெளியுலகத்துக்குத் தெரியாது. 1996-ல்தான் அச்சில் வந்தது.

மெக்லெண்டன் பிறகு டென்னசியில் ஒரு கறுப்பினக் கல்லூரி அணியை 1957, 58, 59 என்று வரிசையாக மூன்று வருடம் தேசிய சாம்பியனாக்கினார். கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் 1979-ல் அவரைச் சேர்த்தார்கள், கோச் என்ற பெயரில் சேர்க்க 2016 ஆயிற்று. அப்போது அவர் உயிரோடு இல்லை. கான்சஸிலும் காலம் நகர்ந்தது. ஆலனே 1955-ல் வில்ட் சேம்பர்லின் என்ற கறுப்பின ஆட்டக்காரரைத் தேடிப்போய் அழைத்து வந்தார். மெக்லெண்டன் பட்டம் வாங்கி 19 வருடம் கழித்து.

அகாடமிப் பையனுக்குப் போன வாரம் போன் செய்தேன். மெக்லெண்டன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், பசங்களுக்குச் சொல்கிறேன் சார் என்றான். பிறகு அந்தக் கப்பைப் பற்றியும் சொன்னேன். அந்த வருடம் ஜெயித்த அணியில் அவனுடைய அக்காவும் உண்டு. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அக்கா சொல்லியிருக்கா சார்" என்றான். "நாங்க எல்லாரும் நல்லா ஆடி ஜெயிச்சோம்னு சொல்லவே மாட்டா. அவ இல்லாம ஜெயிச்சோம்னுதான் சொல்லுவா." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அவங்க நம்பர் அக்காகிட்ட இருக்கு. வேணுமா சார்?"

இரு, எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினேன்.